அண்ணாமலையில் தங்கிச் சாப்பிடுங்கள்

பௌர்ணமி மாலையில் பேருந்தை விட்டு இறங்குவது, இரவோடு இரவாக மலையைச் சுற்றுவது, விடிகாலையில் கிடைத்த பேருந்தில் ஏறி உறங்கிக்கொண்டே ஊர் திரும்புவது. திருவண்ணாமலைக்குப் போய்வந்தோம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அறிந்த திருவண்ணாமலை இவ்வளவுதான். 14 கிலோமீட்டர் நடந்த புண்ணியம் அவர்களுக்கு நிச்சயம் உண்டு. ஆனால் அந்த ஊரில் ஒரு வேளைகூட அவர்கள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். காலை வெயில் மலையில் இறங்கி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், அண்ணாமலையை ரசிக்க முதல் நிபந்தனை அங்கே இரண்டு இரவு தங்குவது. அதுவும் பௌர்ணமி இல்லாத இரண்டு இரவு.

பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அறை வாடகை ஏறிவிடும். ஏறிய வாடகைக்கும் அறை கிடைக்காது. ஓட்டல்களில் இலைக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பார். பரிமாறுகிறவருக்கும் முகம் பார்க்க நேரமிருக்காது. அதே ஓட்டலுக்கு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போய்ப் பாருங்கள். “சூடா தோசை வருது, கொஞ்சம் இருங்க சார்” என்று அவரே சொல்வார். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகக் கிட்டத்தட்ட அதே தூரம். ரயிலில் வருவதானால் விழுப்புரம்–காட்பாடி பாதை. 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்தும் நேர் ரயில் இருக்கிறது. வருவது எளிதாகிவிட்டது. தங்குவதில்தான் யோசனை வேண்டும்.

அறை தேடும்போது எல்லோரும் கேட்பது வாடகை, ஏசி, வெந்நீர். இங்கே அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மலை எந்தப் பக்கமாகத் தெரியும்? 2,668 அடி உயரமுள்ள இந்த மலை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிழக்கே, கோயில் பக்கம் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னால் ஒற்றைச் சிகரமாக எழுந்து நிற்கும். சுற்றி வரவர அது பிரியும், அகலும், மடிப்பு விழும். குபேர லிங்கத்தின் அருகே வந்தால் ஐந்து முகமாகத் தெரியும். அங்கே நின்று கைகூப்பாமல் யாரும் நகர்வதில்லை. ஆகவே நீங்கள் அறை எடுக்கும் இடம் எதுவோ, அந்தத் திசையின் முகம்தான் இரண்டு நாளும் உங்களோடு இருக்கப்போகிறது.

ஊருக்குள், மாடவீதிகளையும் பெரிய தெருவையும் ஒட்டித் தங்கினால் கோயில் காலடியில். விடியற்காலை நடை திறக்கும்போது குளித்துவிட்டு நடந்தே போய்விடலாம். 217 அடி ராஜகோபுரத்தை வெளிச்சம் முழுதாக எழும் முன் ஒரு தடவையும், விளக்குகள் அணையும் நேரத்தில் ஒரு தடவையும் பார்க்கலாம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம் அது. பதினொரு நிலைகளையும் அண்ணாந்து எண்ண அவசரமில்லாத நேரம் வேண்டும். இந்தப் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். அதனால் மாலை சீக்கிரமே வந்துவிடும். கீழ்வானம் இன்னும் வெளுத்திருக்கும்போதே தெருவெல்லாம் மலையின் நிழலுக்குள் போய்விடும். இந்த நிழல் நேரத்தில் மொட்டைமாடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார முடியுமானால், அந்த விடுதிக்கு வேறு என்ன குறை இருந்தாலும் நான் மன்னித்துவிடுவேன். ஏனென்றால் இங்கே மலை தெரியும் அறை அபூர்வம், மலை தெரியும் மொட்டைமாடி நிறைய. பதிவு செய்யும்போதே “மாடிக்குப் போக விடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்; முகூர்த்த நாளில் விடியற்காலை நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வரும். ஜன்னலைத் திறந்துபோட்டு வெளியே போகாதீர்கள், குரங்குகள் உள்ளே வந்து பையைத் திறந்து பார்க்கும்.

செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் ரமணாசிரமப் பக்கம். சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமமும் யோகி ராம்சுரத்குமார் ஆசிரமமும் இந்தப் பக்கத்தில்தான். இங்கே மலை மிக அருகில், தென்சரிவாக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல் இருக்கும். ரமணாசிரமத்தில் தங்க வாடகை கிடையாது. ஆனால் நேரே போய்க் கதவைத் தட்டக் கூடாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி வந்தபின் போக வேண்டும். சில நாள்களுக்குத்தான் இடம் தருவார்கள். குளிர்காலத்தில் அதற்கும் போட்டி. கொடுக்க மனமிருப்பவர்கள் நன்கொடை கொடுக்கலாம். அறைகள் எளிமையானவை. கட்டில், மின்விசிறி, தண்ணீர், சுத்தம். அதற்குமேல் அங்கே தேவைப்படுவதில்லை. ஆசிரமத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குச் சுற்றுத் தெருக்களில் சிறு விடுதிகளும் வாடகை வீடுகளும் ஏராளம்.

மூன்றாவது, மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கம். வயலும் தோப்புமாக, ஊரின் சத்தம் எட்டாத இடம். இங்கே காலைச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். மாலை வெயில் முழுவதும் மலைமேல் விழுந்து பாறைகள் செம்பொன் நிறம் கொள்ளும். குடும்பத்தோடு வந்து அமைதியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு இந்தத் திசையைத்தான் சொல்வேன். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். நினைத்தவுடன் இறங்கிக் காபி குடிக்கக் கடை இருக்காது.

எந்தத் திசையானாலும் அக்னி நட்சத்திரத்தில் வராதீர்கள். பகல் முழுக்கப் பாறை வாங்கிய வெயிலை இரவில் ஊர்மேல் விடும். அக்னித் தலம் என்பதை அந்த மாதத்தில் உடம்பே சொல்லிவிடும். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். மலையும் அப்போது பச்சையாக இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன் மொட்டையாகக் கிடந்த மலை இது. கன்று நட்டு, கோடையில் காய்ந்த புல்லில் பிடிக்கும் தீயைக் கிளை ஒடித்து அடித்து அணைத்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்களின் உழைப்பு அந்தப் பச்சை. மாடியிலிருந்து பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. இந்த ஊரில் சோற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் இலையின் முன் உட்காரும் விதமே மாறும்.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். வழியில் கீழூரில் ஒரு வீட்டில் உணவிட்டு, கோகுலாஷ்டமிக்குச் செய்த பலகாரத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கோயிலுக்குள் போய்வந்த கையோடு அந்தப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான். உடம்புக்கு இனிப்பு எதற்கு என்ற எண்ணம். பிறகு அந்த உடம்பைக் காப்பாற்றியது இந்த ஊரின் கைகள்தான். தெருவில் கையேந்தி நின்றபோது வீட்டுக்கு வீடு சோறு போட்டது. மலைமேல் விரூபாட்சக் குகையில் இருந்தபோது தேடிக்கொண்டு போய்க் கொடுத்தது. கீரைப்பாட்டி என்று ஒரு மூதாட்டி. மலையில் தானே பறித்த கீரையைச் சமைத்துக் கொடுத்தவர். எச்சம்மாள் கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். வாழ்நாள் முழுக்க ரமணருக்குச் சமைத்து எடுத்துப்போனார். முதலியார் பாட்டியும் அப்படித்தான். பிறகு தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்தார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டப்பட்டது. அவர் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது மகன் பாடியதுதான் ‘அப்பளப் பாட்டு’. அப்பளம் இடும் முறையிலேயே தத்துவம் முழுவதையும் சொல்லிவிடும் பாட்டு அது.

1922இல் தாயார் மறைந்தபின் அடிவாரத்தில் ஆசிரமம் எழுந்தது. அங்கே பல ஆண்டுகள் ரமணரே விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், அரைத்தார், கிளறினார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட எறியவிடாமல் குழம்பில் சேர்க்கச் சொன்னார். தன் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பரிமாறியவரைக் கண்டிப்பார். எல்லோருக்கும் என்னவோ அதுவே தனக்கும் என்பது அவருடைய பந்தி நியதி.

ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில் இன்றும் பகல் பதினொன்றரைக்கு மணி அடிக்கிறது. அதற்கு முன்பே வெளியே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வழங்கியாகிவிடும்; அந்த வரிசை முடிந்த பிறகுதான் உள்ளே பந்தி. ஆசிரமத்தில் தங்காதவர்கள் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் பேச்சைக் குறையுங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். தரையில் வரிசையாக இலைகள் இருக்கும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியும் உண்டு. ரமணர் அமர்ந்து உண்ட இடத்தில் அவர் படம் இருக்கிறது. அதைப் பார்த்தபடி உட்காரக் கிடைத்தால் பாக்கியம்.

உட்கார்ந்தபின் அவசரப்படாதீர்கள். வாளியும் கரண்டியுமாக வருகிறவர்களின் நடையைக் கவனியுங்கள். காய் வைப்பவர் பின்னால் சோறு, அதன் பின்னாலேயே சாம்பார். சாம்பார்ச் சோற்றை முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். சோற்றைக் குவித்து நடுவில் குழி செய்து வைத்துக்கொண்டால் ரசம் இலையைத் தாண்டி ஓடாது. ரசத்தைக் குடிக்க விரும்புகிறவர்கள் கை குவித்து வாங்கிக்கொள்கிறார்கள், மோரும் அப்படியே. காரம் குறைவு, எண்ணெய் குறைவு. முதல் நாள் நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். இரண்டாம் நாள் பூசணிக்காயின் இனிப்பும் பருப்பின் மணமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். இதற்காகத்தான் இரண்டு இரவு என்று சொன்னேன். வேண்டுமென்றால் மறுபடி வருவார்கள். வேண்டாமென்றால் இலைமேல் கையைக் காட்டுங்கள், வாங்கிவிட்டு மீதம் வைக்காதீர்கள். பக்கத்து இலைக்காரர் எந்த நாட்டவராகவும் இருப்பார். விரல்களால் ரசச் சோற்றைச் சேர்க்கத் தடுமாறுகிற வெள்ளைக்காரப் பெரியவருக்கு ஒரு முறை பிசைந்து காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார்.

அருணாசலேசுவரர் கோயிலுக்குள் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. வசதியுள்ளவர்கள் அங்கே சாப்பிடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். கோயில் சோறு பிரசாதம். அதை வாங்கிக்கொள்ளத் தகுதி என்று தனியாக எதுவும் வேண்டாம். வெளியே வரும்போது உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஓட்டல்களைப் பற்றி நான் நீளமாகச் சொல்லப்போவதில்லை. கோயிலைச் சுற்றி நல்ல சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. காலையில் ஆறு, ஆறரைக்குள் போனால் முதல் ஈட்டு இட்லி கிடைக்கும். அதுதான் நாளின் சிறந்த இட்லி. கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள். பூக்கட்டுகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் எங்கே டீ குடிக்கிறார்கள் என்று பாருங்கள். ரமணாசிரமப் பக்கத்தில் ஐரோப்பியருக்கான ரொட்டி, சாலட் வகைக் கடைகள் பல காலமாக உண்டு. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் பெருகியபின் தெலுங்குப் பலகை மாட்டிய மெஸ்களும் வந்துவிட்டன. பருப்புப்பொடியும் நெய்யும் கோங்கூராவும் அங்கே நன்றாகவே இருக்கும். ஆனால் இந்த மண்ணின் சுவை வேறு.

அது கிரிவலப் பாதையில் கிடைக்கும். மாலையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். மாவட்டமே நிலக்கடலை விளையும் செம்மண். ஆகவே அவித்த மல்லாட்டைதான் முதலில் வாங்க வேண்டியது. ஈரம் சொட்டும் தோலை விரலால் அழுத்திப் பிளந்தால் உள்ளே உப்புத் தண்ணீரோடு இளஞ்சிவப்புப் பருப்பு. நடந்துகொண்டே தின்னலாம், தோலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தை மாதத்தில் பனங்கிழங்கு வரும். முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டு சூப் எல்லாம் கொதிக்கும். காலையில் சுற்றுகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். ஆறு மணி வெயிலுக்கு முன் பாதித் தூரம் நடந்துவிட்டு, நின்றபடி ஒரு சொம்பு கூழ் குடித்துப் பாருங்கள். மீதிப் பாதியை நடக்க வேறெதுவும் வேண்டாம். ஊர்க் கடைகளில் ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் கிடைக்கும். வீட்டுக்கு வாங்கிப்போக அதைவிட நல்லது இல்லை.

அசைவம் உண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் தென்பெண்ணையின் குறுக்கே, 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இருக்கிறது. 119 அடி நீர்மட்டம். அணையருகே கடைகளில் மசாலா தடவி அடுக்கிய ஏரிமீனைக் கல்லில் போட்டு எடுத்துத் தருவார்கள். தரிசனமெல்லாம் முடித்து, ஊர் திரும்பும் நாளில் அந்த வழியாகப் போங்கள். மீனைத் தேர்ந்தெடுத்து, பொரியும்வரை எதிரே உட்கார்ந்திருங்கள். பொரித்து வைத்த மீனை வாங்க வேண்டாம்.

விருந்தினரை வாசலில் நிறுத்தாத ஊர் என்ற பெயர் திருவண்ணாமலைக்குக் கதையிலும் உண்டு. கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்லாத வல்லாள மகாராஜாவைச் சோதிக்கச் சிவனே விருந்தாளியாக வந்து, அவருக்குப் பிள்ளையாகவும் ஆன கதை. இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் அவருக்குத் திதி கொடுக்கிறார். அண்ணாமலையாருக்கே கோயிலுக்கு வெளியே தங்கும் இரவு ஒன்று இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அம்மனோடு ஊடல். அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி குமரக்கோயிலில் இரவைக் கழிக்கிறார். மறுநாள் கிரிவலம் போய்வந்த பிறகுதான் சமாதானம். தை இரண்டாம் நாளில் அறை கிடைத்தால் விடாதீர்கள். தெருவே வீட்டுச் சண்டையைப் பார்க்கிற ஆவலோடு நிற்கும்.

இந்த இரண்டு இரவுத் தங்கலை எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது. முதல் நாள் பகலில் வந்து சேருங்கள், மாலை மாடியில் மலையைப் பாருங்கள், இரவு எளிதாக இரண்டு இட்லி. மறுநாள் விடியற்காலையில் கிரிவலம், பகலில் ஆசிரமப் பந்தி, பிறகு உறக்கம். மூன்றாம் நாள் காலை ஆசிரமத்தின் பின்வழியாகக் கந்தாசிரமத்துக்கு ஏறி, விரூபாட்சக் குகை வழியாகப் பேகோபுரப் பக்கம் இறங்குங்கள். அந்தப் பாதையின் ஒரு திருப்பத்தில் நான்கு பெருங்கோபுரங்களும் குளங்களும் பிராகாரங்களுமாகக் கோயில் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். அதற்கு மேலே, உச்சிக்கு ஏற ஆசைப்படாதீர்கள். 2024 டிசம்பரில் பெருமழையில் மண் சரிந்து அடிவாரத்தில் ஏழு உயிர் போனது. மலையை மலையாக விட்டுவைப்பதே மரியாதை.

கடைசியாக ஒரு யோசனை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு உச்சியில் மகாதீபம் ஏற்றுவதைக் காண ஊரே திரளும். அன்றைக்கு அறை தேடிப் பயனில்லை. ஆனால் அந்தத் தீபம் ஒரு நாளோடு முடிவதில்லை. தொடர்ந்து 11 நாள் ஒவ்வொரு மாலையும் ஏற்றுகிறார்கள். நாலாவது ஐந்தாவது நாளில் கூட்டம் வடிந்துவிடும், வாடகை பழைய நிலைக்கு வந்துவிடும், ஓட்டல்காரர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும். மலை அதே மலை, தீபமும் அதே தீபம். இந்த ஆண்டு அந்த நாள்களில் இரண்டு இரவுக்கு, மாடிக்குப் போகவிடும் ஒரு விடுதியில், இப்போதே சொல்லி வையுங்கள்.